தூக்கிப் போடாத டைரக்டரி

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கிய மெஷின். எதிர் ஃபிளாட் பையன் ஒருவன் வருகிறான். பழசையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு, லுபுண்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை அதில் போட்டுத் தருகிறான். போகிற போக்கில், ‘இனிமே எந்த சைட்டுக்குப் போனாலும் விளம்பரமே வராது, பாருங்க’ என்கிறான். அவன் சொன்னபடியே நடக்கிறது. நிம்மதி! ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில் காபியும் கையுமாகச் செய்தி படிக்க உட்காருகிறீர்கள். பக்கம் திறக்கிறது. நடுவில் ஜம்மென்று ஒரு செருப்பு விளம்பரம்!

பையனுக்குப் போன் போட்டால் அவன் கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: ‘ஹோஸ்ட்ஸ் ஃபைல் அப்படியே இருக்கான்னு பாருங்க.’

அதென்ன ஹோஸ்ட்ஸ் ஃபைல்? லினக்ஸில் ‘ஈ.டி.சி.’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கிற ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரியில் ஒரு எண், பக்கத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால், இந்த அல்ப ஃபைலுக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. விளம்பரத்தைத் தடுப்பதற்காகப் பிறந்ததே இல்லை அது. பிறந்தபோது நெட்டில் விளம்பரம் என்ற ஜாதியே கிடையாது.

1969-ல் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஆர்பாநெட் ஆரம்பித்தது. முதலில் நாலே நாலு இடங்கள். கம்ப்யூட்டர்களுக்கு எண்தான் புரியும், மனிதர்களுக்குப் பெயர்தான் வரும். ஆகவே, ‘இந்த எண் இன்ன யுனிவர்சிட்டி’ என்று அவரவர் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒரே மெஷினுக்கு இங்கே ஒரு பெயர், அங்கே வேறு பெயர். 1971-ல் பெக்கி கார்ப் என்ற பெண்மணி, எல்லோரும் ஒரே மாதிரி பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையை எழுதிச் சுற்றுக்கு விட்டார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர் பொறுமை இழந்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு பட்டியல், அதிலும் பாதி காலாவதியான பட்டியல், இது என்ன கூத்து என்கிற ரீதியில் ஒரு குறிப்பு எழுதினார். ஒரே இடத்தில் ஒரே பட்டியல் வைத்தால் என்ன?

அந்த ஒரே இடம், கலிபோர்னியாவில் மென்லோ பார்க். ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த தகவல் மையம். அதை நிர்வகித்தவர் எலிசபெத் ஃபெயின்லர். எல்லோரும் அவரை ‘ஜேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் படித்தவரில்லை, கெமிஸ்ட்ரி ஆள். மௌஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பர்ட், 1972-ல் இவரைக் கூப்பிட்டு ஆர்பாநெட்டுக்கு ஒரு கையேடு தயார் பண்ணச் சொன்னார். அப்படி உள்ளே வந்தவர், அந்த மையத்தைக் கட்டி ஆண்டது 1989 வரை!

1974-லிருந்து பட்டியல் நெட்டிலேயே கிடைத்தது. ஹோஸ்ட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி. என்று பெயர். புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமா? ஆபீஸ் நேரத்தில் ஜேக்கின் மையத்துக்குப் போன் பண்ண வேண்டும். அங்கே யாராவது கையால் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அவ்வப்போது அந்த ஃபைலை இறக்கி, தங்கள் மெஷினில் வைத்துக்கொள்வார்கள். இன்றைய இன்டர்நெட்டின் தாத்தா இப்படித்தான் நடந்தார். ஒரு டெலிபோன் டைரக்டரி, ஒரு பெண்மணி, அவருடைய சின்ன டீம்!

எத்தனை நாளைக்குத் தாங்கும்? மெஷின்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. டைரக்டரி பருத்தது. எல்லோரும் மென்லோ பார்க்கிலிருந்தே இறக்குவதால் அங்கே நெரிசல். ஊர் போய்ச் சேர்வதற்குள் பட்டியல் பழசாகிவிடும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்கவும் முடியாது. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் ஒரு மாற்று வழியை எழுதி வெளியிட்டார். அதுதான் டி.என்.எஸ். முழு டைரக்டரி யாரிடமும் இருக்காது. ஒவ்வொருவரும் தன் பேட்டைக்கு மட்டும் பொறுப்பு. தெரியாத பெயர் வந்தால் மேலே கேள், அவர் சொல்கிற இடத்தில் போய்க் கேள். இன்றைக்கும் நெட் இப்படித்தான் ஓடுகிறது. (காம், எடு, கவ் என்ற வால்களை வகுத்ததில் ஜேக்கின் டீமுக்குப் பெரிய பங்கு உண்டு.)

டி.என்.எஸ். வந்தாகிவிட்டது. டைரக்டரியைத் தூக்கிப் போட்டார்களா? இல்லை. யுனிக்ஸ்காரர்கள் சிக்கனவாதிகள். மெஷின் கண் விழித்து, நெட்வொர்க் தயாராகும் முன்னாலேயே சில பெயர்கள் தேவைப்படும். தன் பெயராவது தனக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அந்த ஃபைலை மூலையில் விட்டு வைத்தார்கள். யுனிக்ஸிடமிருந்து லினக்ஸுக்கு வந்தது. விண்டோஸுக்கும் போனது. விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று உள்ளே உள்ளே போனால் ‘ஈ.டி.சி.’ என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு ஃபோல்டர் முழிக்கும். யுனிக்ஸ் வீட்டிலிருந்து வந்த விருந்தாளி அது. ஆண்ட்ராய்டு போனிலும் இந்த ஃபைல் இருக்கிறது.

கவனியுங்கள், முக்கியமான இடம் இதுதான். ஒரு பெயரின் எண் வேண்டுமென்றால், முதலில் சொந்த ஃபைலைப் பார், அதில் இல்லாவிட்டால் வெளியே கேள். பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் வரிசை இதுதான். எவ்வளவு பெரிய கம்பெனியின் பெயராக இருந்தாலும் சரி, உங்கள் ஃபைல் சொன்னதே கடைசி வார்த்தை!

இந்த அதிகாரத்தின் ருசி தெரிய விளம்பரம் வர வேண்டியிருந்தது. 1994 அக்டோபர் 27. ஹாட்வயர்ட் என்ற இணையப் பத்திரிகையில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் நீளப்பட்டை விளம்பரம் வெளியானது. பேனர் விளம்பர யுகம் அன்றைக்குத்தான் ஆரம்பம் என்று சரித்திரத்தில் சொல்வார்கள். பக்கத்துக்கு மேலே குதித்து எழும் பாப்-அப் அடுத்த சில வருடங்களில் வந்துவிட்டது. அந்தப் பாவத்தில் ஈதன் சுக்கர்மேன் என்ற புரோகிராமருக்குப் பங்குண்டு. டிரைபாட் என்ற கம்பெனியில் இருந்தார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஓர் ஏடாகூடமான ஆபாசப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கம்பெனி குதித்தது. விளம்பரம் வேறு, பக்கம் வேறு என்று காட்டுவதற்காக, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும்படி எழுதினார் மனிதர். 2014-ல் அட்லாண்டிக் பத்திரிகையில் கட்டுரை எழுதி உலகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நாம் மன்னித்தோமா என்பது வேறு விஷயம்.

டபுள்கிளிக் மாதிரி கம்பெனிகள் தொண்ணூறுகளின் நடுவில் வந்தபோது ஒரு புது ஏற்பாடு நடந்தது. நீங்கள் படிக்கிற பத்திரிகை ஒரு மெஷினில் இருக்கும். அதன் ஓரத்தில் வரும் விளம்பரம் டபுள்கிளிக்கின் மெஷினிலிருந்து வரும். ஆயிரம் பத்திரிகைக்கும் அதே விளம்பரக்கடை. நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்று அந்தக் கடைக்காரனுக்குக் கணக்குத் தெரிந்துவிடும். லாபமான ஏற்பாடுதான். 2007-ல் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், அதில் ஓர் ஓட்டை. விளம்பரம் தனிப் பெயரில் வருகிறது. தனிப் பெயர் என்றால் ஃபைலில் ஒரு வரி எழுதலாமே! விளம்பரக்கடையின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று எழுதி வைத்தால் போதும். அந்த எண்ணுக்கு ‘நீயே’ என்று அர்த்தம். எந்த மெஷினுக்கும் தன்னைக் குறிக்கும் எண் அது. விளம்பரத்தைத் தேடிக் கிளம்பும் கம்ப்யூட்டர் தன் வீட்டுக் கதவையே தட்டும். உள்ளே யாரும் இல்லை. வெறுங்கையோடு திரும்பும். விளம்பரம் இருந்த இடத்தில் வெற்றிடம். பிரௌசர், மற்ற புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம். தன்னார்வலர்கள் விளம்பரக்கடைகளின் பெயர்களைச் சேகரித்துப் பட்டியல் போட, ஊரெல்லாம் இறக்கிக்கொண்டது.

2002-ல் டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஸோரென்ஸன் எழுதிய ஆட்பிளாக், பிரௌசருக்குள்ளேயே விளம்பரத்தை வடிகட்டியது. அந்த வழியில் வந்த ஆட்பிளாக் பிளஸ் மேல் ஜெர்மனியின் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பத்திரிகைக் குழுமம் வழக்குப் போட்டு, 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கிற சின்னப் பத்திரிகைகள் பாடு திண்டாட்டம்தான், அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அது இருக்கட்டும். வடிகட்டி கெட்டிக்காரத்தனமானது, ஆனால் மெமரியைக் கொஞ்சம் தின்னும். எலும்பும் தோலுமான மெஷினில் அந்தக் கொஞ்சமே ஜாஸ்தி. ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு அந்தச் செலவு கிடையாது.

வேறு செலவு உண்டு. இங்கேதான் சரித்திரம் லேசாகச் சிரிக்கிறது. விளம்பரக் கடைகள் பெருகப் பெருகப் பட்டியலும் பருத்தது. இன்றைய பட்டியல்களில் ஒரு லட்சம் வரிக்கு மேல் இருப்பது சகஜம். ஒவ்வொரு பெயருக்கும் லினக்ஸ் அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வரும். தவிர, ‘இந்தக் கம்பெனியின் கிளைகள் அத்தனையும்’ என்று ஒரே வரியில் எழுத முடியாது. கிளைக்கு ஒரு வரி. ஜேக்கின் டைரக்டரியைக் கொன்ற அதே வியாதி!

வைத்தியமும் அதேதான். 2012 பிப்ரவரி 29 அன்று, ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2014-ல் ஜேக்கப் சல்மேலா என்ற அமெரிக்கர், கடையில் விற்ற ஒரு விளம்பரத் தடுப்புப் பெட்டிக்கு மாற்றாக, பை-ஹோல் என்ற புரோகிராமை எழுதினார். வீட்டுக்குள் நீங்களே ஒரு குட்டி டி.என்.எஸ். வைத்துக்கொள்வது. பட்டியல் அதனிடம் இருக்கும். டி.வி., போன், லேப்டாப் எல்லாம் அதனிடம்தான் பெயர் கேட்க வேண்டும். விளம்பரக்கடையின் பெயரைக் கேட்டால் கையை விரித்துவிடும்.

இத்தனை இருந்தும் சிலருக்கு விளம்பரம் வருகிறதே, ஏன்? பொதுவான தப்பு ஒன்று. ரௌட்டரில் இரண்டு டி.என்.எஸ். போட இடம் இருக்கும். முதலாவது பை-ஹோல். இரண்டாவது ‘ஸ்டெப்னி’ மாதிரி இருக்கட்டும் என்று வெளியாள் ஒருவரைப் போட்டுவிடுவார்கள். அது ஸ்டெப்னி அல்ல. மெஷின் தன் இஷ்டத்துக்கு இரண்டில் யாரையும் கேட்கும். இன்னொன்று, யூடியூப் மாதிரி இடங்களில் படமும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்து வருபவை. பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஒன்றை அடைத்தால் இரண்டும் போச்சு.

பெரிய சண்டை வேறு இடத்தில். இந்த ஃபைலில் கை வைக்க முடிந்தவன் உங்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். உங்கள் பேங்கின் பெயருக்கு நேராக ஒரு திருடன் தன் எண்ணை எழுதி வைத்தால்? வைரஸ்கள் அதைச் செய்திருக்கின்றன. அதனால் காவல்காரர்கள் இந்த ஃபைலைச் சந்தேகமாகவே பார்க்கிறார்கள். 2012 ஆகஸ்டில் விண்டோஸ் 8-ன் டிஃபெண்டர், ஃபேஸ்புக்கையும் டபுள்கிளிக்கையும் அடைத்து மக்கள் எழுதி வைத்திருந்த வரிகளைத் தானாகவே அழித்தது. 2020-ல், மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போவதை அடைத்தவர்களுக்கு அதே டிஃபெண்டர் அபாய மணி அடித்தது. காவல்காரன் யாருக்குக் காவல்? எனக்கு இந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

2013-ல் ஸ்னோடன் அம்பலப்படுத்திய ஒட்டுக்கேட்பு விவகாரத்துக்குப் பிறகு, டி.என்.எஸ். கேள்விகளையும் மூடின கவரில் அனுப்ப வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2018 அக்டோபரில் அதற்கு முறை வகுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால், பக்கவிளைவு? பிரௌசர் உங்கள் வீட்டு டி.என்.எஸ்.ஸைக் கேட்காமல், நேராக வெளியே ஒரு பெரிய கம்பெனியிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளலாம். பை-ஹோல் திண்ணையில் தேமே என்று உட்கார்ந்திருக்கும். டி.என்.எஸ். வளர்ப்பில் பல வருடம் உழைத்த பால் விக்ஸி, தன் நெட்வொர்க்கில் என்ன நடக்கிறது என்பது அதை நடத்துகிறவனுக்குத் தெரியாமல் போகலாமா என்று கடுமையாகச் சண்டை பிடித்தார். பிரிட்டனின் இன்டர்நெட் கம்பெனிகள் சங்கம் 2019-ல் ‘வில்லன்’ பட்டத்துக்கு மொசில்லாவின் பெயரை முன்மொழிந்து, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கியது. மொசில்லா 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் இதைத் தானாக இயங்கவிட ஆரம்பித்தது.

முழுக்க அடாவடி என்றும் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட பெயரை ஃபயர்ஃபாக்ஸ் முதலில் கேட்டுப் பார்க்கும். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று உங்கள் வீட்டு டி.என்.எஸ். சொன்னால், இங்கே ஒரு எஜமான் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். நீங்களே செட்டிங்கில் கவர் முறையை இயக்கியிருந்தால் மட்டும் ஒதுங்காது. அப்புறம் இன்னொன்று. வெளியே ரகசியமாகக் கேட்கும் முன், ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பழைய ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் படித்துப் பார்க்கிறது. அதில் எழுதின பெயருக்கு மட்டும் வெளியே போவதில்லை!

அப்படியானால் உங்கள் லேப்டாப்பில் செருப்பு எப்படி வந்தது? பையன் வந்து பார்த்தான். ஃபைல் இருக்கிறது. வரிசை சரி. பிரௌசர் சரி. தேதியைப் பார்த்துச் சிரித்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் இறக்கிய பட்டியல். செருப்புக் கடைக்காரன் அதற்குள் புதுப் பெயரில் கடை போட்டுவிட்டான். 1973-ல் பீட்டர் டாய்ச் புலம்பினாரே, அதே காலாவதிப் பட்டியல்! இரண்டே வரி எழுதி, வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பட்டியலை அதுவே இறக்கிக்கொள்ளும்படி செய்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டான்.