நித்தியகல்யாணி: சர்க்கரைக்கென வந்த இலை

வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் சுடுகாட்டு மேட்டிலும் ஒன்றுபோல் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. நாட்டு வைத்தியம் அறிந்திருந்த புற்றுநோய் மருந்தை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. தற்செயலாகக் கையில் அகப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே நடந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. மடகாஸ்கரிலிருந்து வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடியை ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் மக்கள் நாடியது சர்க்கரை நோய்க்காக. ஆய்வகமும் முதலில் அதைத்தான் தேடியது. தேடியது கிடைக்காத பிறகும் செடியைத் தூக்கி எறியாமல் வைத்துப் பார்த்தார்களே, அந்தப் பொறுமையில்தான் இம்மருந்து பிறந்தது.

1952இல் டொரன்டோ மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு, ஜமைக்காவிலிருந்த அவருடைய நோயாளி ஒருவர் 25 இலைகளை அனுப்பினார். அங்கே சர்க்கரை நோயாளிகள் அதைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். கிளார்க் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த தம்பி ராபர்ட்டிடம் சேர்த்தார். எலிகளுக்கு வாய்வழியே புகட்டியபோது ரத்தச் சர்க்கரை இறங்கவே இல்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் செத்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகள். செடி நஞ்சு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர்கள் ரத்த அணுக்களை எண்ணினார்கள். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, அவற்றை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கிப்போயிருந்தது. எலியைக் கொன்றது கிருமி, அதற்குக் கதவைத் திறந்துவிட்டது இலை. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போன வேதியியலாளர் சார்லஸ் பீர் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்.

1958இல் வெளியிட்ட கட்டுரைக்கு அந்தக் குழுவினரே 'தற்செயல்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தார்கள். அப்படியிருக்க மறுப்பது எப்படி என்று கேட்கலாம். அது அவர்களின் அடக்கம் என்றே கொள்கிறேன். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திலும் கார்டன் ஸ்வோபோடாவும் உடன் உழைத்தவர்களும் இதே செடியில் புற்றுநோய் எதிர்ப்பைக் கண்டார்கள். அவர்கள் பிரித்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு இடத்தில், இரண்டு வழியில் ஒரே செடி பிடிபடுவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் மக்களின் அறிவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, பெரிய பங்கு. ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே இதை ஆய்வக மேசைக்குக் கொண்டுவந்தது அவர்களுடைய வழக்கம்தான். அதற்கு ஈடாக மடகாஸ்கருக்கோ ஜமைக்காவுக்கோ லாபத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பது அநியாயம். ஆனால் கஷாயத்தையும் மருந்தையும் ஒன்றாக்குவது ஆபத்து. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்; பெரியவர்களுக்கே ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க, டியூபுலின் என்ற புரதத்தால் மெல்லிய இழைகளைக் கட்டிக்கொள்கிறது. வின்கிரிஸ்டின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இழை உருவாவதில்லை. பிரியத் தொடங்கிய செல் பாதியிலேயே நின்று மடிகிறது. நரம்புகளும் அதே இழைகளை நம்பியிருப்பதால்தான் கீமோதெரபி எடுக்கும் குழந்தைக்கு விரல்நுனி மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, மலம் இறுகுகிறது. சிரைக்குள் மட்டுமே செலுத்த வேண்டிய இது தவறி முதுகுத்தண்டு நீரில் கலந்தால் உயிரையே பறித்துவிடும். ஆனாலும் மற்ற மருந்துகளோடு சேர்ந்து, ஒரு காலத்தில் சில மாதங்களில் குழந்தைகளைக் கொண்டுபோன ரத்தப் புற்றுநோயிலிருந்து, வசதியுள்ள நாடுகளில் இன்று 10இல் 9 பேரளவுக்குப் பிழைக்கவைக்கிறது. அதற்கான இலையைத் தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களிலும் விளைவித்து, காயவைத்து, மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பிவந்திருக்கிறார்கள்.