ஃபிராங்கன்ஸ்டைன்: பெத்தவன் ஓடிப்போன கதை

ஃபிராங்கன்ஸ்டைன்னு சொன்னதும் கழுத்துல போல்ட் வச்ச பூதம்தான் ஞாபகத்துக்கு வரும். அது 1931-ல் வந்த சினிமா பண்ணின வேலை. நாவலில் அந்தப் பேர் பூதத்தைச் செய்த விக்டருடையது. பூதத்துக்குப் பேரே கிடையாது. பெத்தவன் வைக்கலை!

1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில், 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரலை. ஓயாத மழை. ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் எடுத்திருந்த வாடகை வீட்டில் கவிஞர் ஷெல்லியும் அவரோடு வந்திருந்த 18 வயசு மேரியும் இன்னும் சிலரும் கூடுவாங்க. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு பைரன் சொல்ல, மேரி ஆரம்பிச்சதுதான் இது. 1818-ல் ஆசிரியர் பேர் போடாமல் 500 பிரதிகள் அச்சாச்சு.

அது ரொமாண்டிக் காலம் (காதல் இல்லீங்க!). அறிவைவிட உணர்ச்சி பெரிசு, ஊரைவிடத் தனிமனிதன் பெரிசுன்னு கவிஞர்கள் கொண்டாடின காலம். விக்டரும் ஆல்ப்ஸைப் பார்த்து உருகுறான், பக்கம் பக்கமா புலம்புறான். ஆனா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஊரை மறந்து, வீட்டை மறந்து தனியா செஞ்ச உயிர் கண்ணைத் திறந்ததும் அருவருத்து ஓடிடறான். அவன் உணர்ச்சியெல்லாம் அவனுக்கு மட்டும்தான்.

பூதமோ காட்டில் கிடைச்ச பெட்டியில் இருந்த கதேயின் வெர்தரைப் படிச்சு அழுது. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ராத்திரியில் விறகு கொண்டுவந்து போடுது. விக்டர் உருகுற அதே பனிமலையில் வந்து மறிச்சு, என் கதையைக் கேளுன்னு கெஞ்சுது. தனிமை அதுக்குப் பெருமையா தோணலை. ஒரு துணை செஞ்சு கொடுன்னுதான் கேட்குது.

இதையெல்லாம் மேரி எங்கே இருந்து எடுத்தார்? என் அனுமானம், வீட்டில் இருந்துதான். அவரைப் பெத்த சில நாளில், 1797-ல், அம்மா போயிட்டார். 1815-ல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை போச்சு. நெருப்பருகே தேய்ச்சுவிட அது பிழைச்சதாக் கனவு கண்டேன்னு டைரியில் எழுதியிருக்கார். ஷெல்லியோ, கர்ப்பமா இருந்த மனைவி ஹாரியட்டை விட்டுட்டு 1814-ல் மேரியோடு கிளம்பினவர். 1816 டிசம்பரில் ஹாரியட்டின் உடல் லண்டனில் ஒரு பூங்கா ஏரியில் கிடைச்சது. சுதந்திர மேதைகளுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு மேரிக்குத் தெரியாதா என்ன?

படிக்கப்போறவங்க 1818 பதிப்பா பார்த்து வாங்குங்க. 1831-ல் அவரே திருத்தினதில் விதியோட கை ஓங்கிடுது. அதுக்குள்ள மூணு குழந்தைகளையும் ஷெல்லியையும் பறிகொடுத்திருந்தார், புரியுது. ஆனா எனக்கென்னவோ அதில் விக்டர் தப்பிச்சுட்ட மாதிரியே இருக்கு.