எரிபொருள் டியூனிங் (மோட்டார் சைக்கிள்)

இன்ஜெக்டர் பொருத்திய மோட்டார் சைக்கிளில், தயாரித்த நிறுவனம் வகுத்துத் தந்த பெட்ரோல் அளவை வெளியே வாங்கும் கருவியால் மாற்றுவதே எரிபொருள் டியூனிங். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வில் பதிந்துள்ள அளவுகளையே திருத்தி எழுதலாம். பெங்களூரில் தயாராகும் பவர்டிரானிக் போன்ற தனிப் பெட்டியை ஈ.சி.யூ.வோடு இணைத்து, இன்ஜெக்டருக்குப் போகும் சிக்னலை மாற்றலாம். டென்மார்க்கின் பூஸ்டர்பிளக் இன்னும் எளிமையானது: உள்ளே வரும் காற்று 20 டிகிரி குளிர்ந்திருப்பதாக ஈ.சி.யூ.வை நம்பவைத்து, சுமார் 6% கூடுதல் பெட்ரோலை வரவழைக்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். சைலன்சர் வழியிலுள்ள வினையூக்கி மாற்றி இந்த விகிதத்தில்தான் நன்றாக வேலை செய்யும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 மாசு விதிப்படி தயாரான வண்டிகள் சீரான ஓட்டத்தில் இதையொட்டியே ஓடுகின்றன. ஆனால் இன்ஜின் அதிக சக்தி தருவது 13-ஐ ஒட்டிய விகிதத்தில்.

நெரிசலில் இரண்டாம் கியரில் ஊரும்போது ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் சில வண்டிகள் வெட்டி இழுக்கும். மூடியதும் ஈ.சி.யூ. பெட்ரோலை அறவே நிறுத்துகிறது. திறந்ததும் திரும்பத் தருகிறது. அந்த நொடியில் கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தால் ஒவ்வொரு எரிதலும் ஒரே வலுவோடு நடக்காது. சற்றே கூடுதல் பெட்ரோல் இதை வெகுவாகச் சமன் செய்யும். டியூனிங்கின் மெய்யான பலன் இதுதான். உச்ச வேகத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம்.

இதற்கான விலை மைலேஜ். 14.7 என்ற விகிதத்தை 13.6 ஆக்கினால் அதே காற்றுக்கு 8% கூடுதல் பெட்ரோல் செலவாகும். சக்தி சற்றுக் கூடுவதால் ஆக்சிலேட்டரைக் குறைவாக முறுக்கினால் போதும்; அதனால் நஷ்டம் கொஞ்சம் குறையும், மறையாது. புகையில் கார்பன் மோனாக்சைடும் ஏறும். சரியாக இயங்கும் வண்டியில் பெட்ரோலைக் கூட்டி மைலேஜையும் கூட்டலாம் என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது.

ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் இன்னொரு தடை உண்டு. சீரான வேகத்தில் போகும்போது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து ஈ.சி.யூ. கூடுதல் பெட்ரோலைத் திரும்பக் குறைத்துவிடும். சென்சாரின் சிக்னலையும் கையாளாத கருவியின் மாற்றம் அங்கே நிலைக்காது. சட்டென முறுக்கும்போதும் முழுதாகத் திறக்கும்போதும் மட்டுமே தெரியும்.

எல்லா வெட்டுதலுக்கும் பெட்ரோல் காரணமும் அல்ல. செயின் தளர்ந்திருந்தாலும், ஆக்சிலேட்டர் கேபிளில் ஆட்டம் மிகுந்தாலும், இரட்டை சிலிண்டர் வண்டியில் இரு திராட்டில் வால்வுகளும் ஒருசேரத் திறக்காவிட்டாலும் இதே உதறல் வரும். கருவி வாங்குமுன் மெக்கானிக்கிடம் இவற்றைச் சரிபார்ப்பது முறை.