மூளைக்குள் நுழைந்த சாயம்

1906-இல் அலோய்ஸ் அல்சைமர், தாம் பார்த்துவந்த ஒரு பெண்மணியின் மூளையில் அமைலாய்டு என்ற புரதப் படிவுகளைக் கண்டார். காண முடிந்தது அவர் இறந்த பின்புதான். அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதே நிலைதான். பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாய்க்கு வந்திருப்பது அல்சைமர்தானா என்பதைப் பிரேதப் பரிசோதனையே உறுதிப்படுத்தியது. குடும்பத்துக்கு அந்தப் பதிலால் என்ன பயன்? இந்தக் கொடுமைக்கு முடிவு தேடிய இடங்களுள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம் உண்டு.

அங்கே மனநல மருத்துவர் வில்லியம் கிளங்க்கும் கதிரியக்க வேதியியலாளர் செஸ்டர் மாத்திஸும் 1990-களில் இணைந்து பணியாற்றத் தொடங்கினர். நோய்க்குறியியல் கூடங்களில் அமைலாய்டைக் காட்ட நெடுங்காலமாகப் பயன்பட்ட சாயங்கள் காங்கோ ரெட்டும் தயோஃப்ளேவின்-டியும். கண்ணாடித் தகட்டில் இவை அருமையாக வேலை செய்யும். உயிருள்ளவர் உடலில் செலுத்தினாலோ இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. காரணம், இரண்டின் மூலக்கூறுகளிலும் மின்னூட்டம் உண்டு. கிளங்க் முதலில் காங்கோ ரெட்டின் வழிவந்த சேர்மங்களோடு பல ஆண்டுகள் போராடினார். அவை அமைலாய்டைப் பற்றின. ஆனால் மூளைக்குள் போதிய அளவு போகவில்லை.

பிறகு தயோஃப்ளேவின் பக்கம் திரும்பினர். அதன் நைட்ரஜனோடு ஒட்டியிருந்த ஒரு மெத்தில் தொகுதியை நீக்கியதும் மின்னூட்டம் போயிற்று, மூளையின் வாசல் திறந்தது. ஆனால் உள்ளே போனால் மட்டும் போதாது. படிவு இல்லாத இடங்களிலிருந்து சேர்மம் விரைந்து வெளியேறவும் வேண்டும். இல்லையேல் மூளை முழுதும் ஒரே ஒளியாகிவிடும். ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்தபோது அந்த வெளியேற்றம் வேகமடைந்தது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். 'நுழைய வேண்டும், பற்ற வேண்டும்' என்பதோடு 'விலக வேண்டும்' என்பதற்கும் அவர்கள் சமமான உழைப்பைக் கொடுத்தார்கள்.

மனிதரில் முதல் சோதனை 2002 பிப்ரவரியில், சுவீடனின் உப்சாலாவில் நடந்தது. பெங்ட் லாங்ஸ்ட்ரோம் வளர்த்த பெட் (பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பு) மையம் அங்கே இருந்தது; சேர்மத்தைப் படத்தில் காட்டும் கதிரியக்க ஐசோடோப்பான கார்பன்-11-இன் வேதியியலில் அது முன்னோடி. அந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் இருபது நிமிடம்தான். சைக்ளோட்ரானில் உண்டாக்கி, சேர்மத்தோடு இணைத்து, தூய்மை பார்த்து, நோயாளிக்குச் செலுத்துவது எல்லாமே கடிகாரத்தோடு நடத்தும் ஓட்டம். இந்தச் சேர்மத்துக்குப் 'பிட்ஸ்பர்க் சேர்மம் பி' என்று பெயரிட்டவர்களும் உப்சாலா நண்பர்களே. 2004-இல் வெளிவந்த கட்டுரை 16 நோயாளிகளையும் 9 நலமானவர்களையும் ஒப்பிட்டது. நோயாளிகளின் முன்மூளைப் புறணியில் சேர்மம் ஏறத்தாழ இருமடங்கு தங்கியிருந்தது; சிறுமூளையில் வேறுபாடில்லை.

நினைவு நலமாக உள்ள முதியவர் சிலரிடமும் படிவு தெரிந்தது. ஆகவே படம் மட்டுமே நோயைத் தீர்மானிக்காது. மருத்துவரின் பரிசோதனையும் உரையாடலும் கட்டாயம் வேண்டும்.

இருபது நிமிடச் சேர்மத்தைத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்ப வழியில்லை. 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளோரின்-18 அந்தக் குறையைத் தீர்த்தது. அதைத் தாங்கிய ஃப்ளோர்பெட்டாபிர் 2012-லும், பிட்ஸ்பர்க் சேர்மத்தின் நேர்வாரிசான ஃப்ளூட்டமெட்டமால் 2013-லும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. மூல சேர்மம் ஆய்வகங்களிலேயே நின்றது. ஆயினும் 2015-இல் வெவ்வேறு சேர்மங்களின் முடிவுகளை ஒப்பிட 'சென்டிலாய்டு' அளவுகோல் வகுக்கப்பட்டபோது, இளம் நலமானவருக்குச் சுழியம், வழக்கமான அல்சைமர் நோயாளிக்கு நூறு என்று அதன் இரு முனைகளையும் பிட்ஸ்பர்க் சேர்மத்தைக் கொண்டே நிறுவினார்கள்.