பழைய பைக்கை வீட்டிலேயே கஃபே ரேசர் ஆக்கலாமா? ஆர்.சி. புக் போடும் எல்லைக்கோடு எது?

ஒரு பழைய ஆர்எக்ஸ் 100, ஒரு செட் ஸ்பேனர், முற்றத்தில் கொஞ்சம் இடம். வீடியோக்களைப் பார்த்தால் கஃபே ரேசர் செய்ய இவ்வளவு போதும் என்றுதான் தோன்றும். வேலை கஷ்டம்தான், ஆனால் கற்றுக்கொள்ளலாம். செய்து முடித்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி.

கேரளாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. வண்டி மாற்றம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்பே கேரள வழக்கு ஒன்றில்தான் வந்தது. காஞ்சிரங்குளம், பாறசாலை போன்ற எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இரண்டு மாநிலப் பதிவெண் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது.

கஃபே ரேசர் என்றால் என்ன?

1950, 60களில் லண்டன் இளைஞர்கள் சாலையோர கஃபேக்களில் கூடி, ஒரு கஃபேயிலிருந்து அடுத்ததற்கு வேகமாக வண்டி ஓட்டினார்கள். நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் தொடங்கிய ஏஸ் கஃபே அவர்களின் தலைமையிடம் போல இருந்தது. மணிக்கு 100 மைல் தொடுவதுதான் கனவு. அதற்காகத் தேவையில்லாத பாகங்களைக் கழற்றினார்கள், ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளினார்கள். அந்தத் தோற்றம்தான் இன்றும் கஃபே ரேசரின் அடையாளம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1955 முதல் சென்னையில் புல்லட் தயாரித்த ராயல் என்ஃபீல்டு, 2013இல் கான்டினென்டல் ஜிடி 535, 2018இல் ஜிடி 650 என்று கம்பெனியிலிருந்தே கஃபே ரேசர்களைக் கொண்டுவந்தது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தேடுவது பழைய புல்லட், யெஸ்டி, 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவற்றை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52தான் அடிப்படை. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது.

கேரள மோட்டார் வாகன விதிகளைக் காட்டி, கட்டமைப்பு மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநில விதி மத்தியச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் பிரிவு 182ஏ வந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் என்றால் 15,000 ரூபாய்.

அப்படியானால் எதைத் தொடலாம்?

வேலை தொடங்கும் முன் ஆர்.சி. புக்கை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், சிசி, இருக்கை எண்ணிக்கை, எடை, நிறம் எல்லாம் அதில் இருக்கும். அந்த விவரங்களில் ஒன்றை மாற்றும் எந்த வேலையும் ஆபத்து வட்டத்துக்குள் வருகிறது.

ஃபிரேம்: வீடியோக்களில் முதலில் காட்டுவது, ஃபிரேமின் பின்பகுதியை அறுத்து யூ வடிவக் குழாயை வெல்டிங் செய்வது. இது நேரடியான கட்டமைப்பு மாற்றம். வெல்டிங் சரியில்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது உடையும் இடமும் அதுதான். ஃபிரேமை அறுக்காதீர்கள்.

சீட்: ஒற்றை சீட் போட்டால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு ஒத்துப்போகாது. இருவர் உட்காரும் தட்டையான சீட்டைச் செய்து, அதன் பின்பாதியில் கழற்றக்கூடிய கூம்பு மூடியை மாட்டலாம். பார்வைக்கு அதே தோற்றம் வரும். பின்னால் ஆள் உட்காரும் வண்டிக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் சேலை கார்டு மூன்றும் மத்திய விதிப்படி கட்டாயம்.

சைலன்சர்: இன்றைய விதிப்படி, தயாரிப்பு நிலையில் 80 முதல் 175 சிசி வரையான வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல்தான் ஒலி வரம்பு. மீறி ஓட்டினால் பிரிவு 190இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரின் உள்ளமைப்பு எஞ்சின் சக்தியையும் தீர்மானிக்கிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும்.

நிறம்: மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட், விளக்குகள்: அழகுக்காக இவற்றைக் கழற்றிவிடக் கூடாது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஓட்டம், பிறகு தோற்றம். பிரேக் ஷூ, கேபிள், செயின், டயர், வயரிங் எல்லாவற்றையும் சரிசெய்து வண்டியைச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். கடலோரக் காற்றில் உப்பு அதிகம். டேங்க் உட்புறம், ஃபிரேம் மூட்டுகள், எர்த் வயர் முனை ஆகிய இடங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் கால் வைக்கும் இடமும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லையென்றால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். ஆனால் ஃபுட்ரெஸ்டை நகர்த்தினால் கியர், பின் பிரேக் இணைப்புகளும் மாறும். அது கைதேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. அதனால் முதல் வண்டிக்கு மிதமாகத் தாழ்ந்த ஹேண்டில்பாரே நல்லது. மாட்டியதும் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். டேங்கில் கை இடிக்கக் கூடாது, கேபிள் இழுபடக் கூடாது.

ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் போடுவதும் பலர் செய்வது. காற்று கூடி பெட்ரோல் விகிதம் குறையும், எஞ்சின் சூடாகும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாவிட்டால் ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தண்ணீரும் உள்ளே போகும்.

எல்லை தாண்டி வண்டி வாங்கினால்?

களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். நெய்யாற்றின்கரை வண்டிக்கு கேஎல் 20, பாறசாலைக்கு கேஎல் 19, மார்த்தாண்டத்துக்கு டிஎன் 75. 'பக்கத்து ஊர் வண்டிதானே' என்று மார்த்தாண்டத்தில் வாங்கி காஞ்சிரங்குளத்தில் வைத்து ஓட்டலாம், ஆனால் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கேரளப் பதிவெண் வாங்க வேண்டும். பழைய அலுவலகத்தின் என்ஓசி தேவை, கேரளாவுக்கான வரியும் கட்ட வேண்டும்.

அதோடு, தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும். 1996க்கு முந்தைய எந்த வண்டியும் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. எனவே வாங்கும்போதே பதிவு உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா, சேசிஸ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் செய்த வண்டி ஒருநாள் ஆய்வாளர் முன் நிற்கத்தான் போகிறது. கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஏதாவது ஒன்றை அவர் ஏற்காவிட்டால் பழையதைத் திரும்ப மாட்ட முடியும்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

அறுக்கும் முன் வயதைப் பாருங்கள்

2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் வந்த புல்லட், ஜாவா, ராஜ்தூத் எல்லாம் இப்போது அந்த வயதைத் தொடுகின்றன. தாத்தா காலத்து வண்டியின் ஃபிரேமை அறுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்பேனரால் மாட்டி ஸ்பேனரால் கழற்றக்கூடிய வேலையோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கலாம். வெட்டுகிற, பற்றவைக்கிற வேலை வந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.