மறந்துவிடு என்றார்கள், கனவு மறக்கவில்லை

பகலெல்லாம் துணிவோடு நடமாடும் ஒருவர், இரவு வந்ததும் படுக்கைக்குப் போக அஞ்சுவது உண்டா? உண்டு. வெள்ளத்தில் சிக்கி மீண்டவர், சாலை விபத்தில் உயிர் பிழைத்தவர், தீயில் உறவினரைப் பறிகொடுத்தவர், வன்முறைக்கு ஆளானவர் ஆகியோருள் பலருக்கு இந்த அச்சம் உண்டு. கண்ணை மூடினால் அதே காட்சி, அதே ஓசை. அலறியபடி எழுந்தால் உடல் முழுவதும் வியர்வை. சுற்றியிருப்போர் பரிவோடு கூறும் அறிவுரை ஒன்றுதான்: "அதையே நினைக்காதே, மறந்துவிடு."

இந்த அறிவுரை பயன் தருமா? நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் இக்கேள்வியை எழுப்பினார். அவர் கண்ட விடையையும், அதன் பின் அறிவியல் நடந்து வந்த பாதையையும் பார்ப்போம்.

குண்டு அதிர்ச்சி

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சு, பெல்ஜிய நாடுகளின் மண்ணில் நீண்ட பதுங்கு குழிகளை வெட்டி, அவற்றுள் மாதக்கணக்கில் வீரர்கள் கிடந்தார்கள். தலைக்கு மேல் பீரங்கிக் குண்டுகள் ஓயாது வெடித்தன. விரைவில் மருத்துவர்கள் வியப்பான நோயாளிகளைக் கண்டார்கள். உடலில் காயமே இல்லை. ஆனால் சிலருக்குப் பேச்சு நின்றுவிட்டது. சிலருக்குப் பார்வை மங்கியது. சிலருக்குக் கைகால் நடுக்கம் ஓயவில்லை. பலருக்கு இரவு தோறும் கொடுங்கனவு.

சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-ல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இந்நோயைப் பற்றி எழுதினார். 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரை அதில் அவர் கையாண்டார். குண்டு வெடிப்பின் வேகம் மூளையை உலுக்கிவிடுகிறது என்று பலரும் முதலில் எண்ணினார்கள். ஆனால் குண்டு வெடித்த இடத்திற்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. அப்படியானால் அடிபட்டது மூளையா, மனமா? போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர்.

இவர்களைக் கோழைகள் என்று கருதியவர் பலர். லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த வீரரின் தொண்டையில் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். அதைத் தம் வெற்றி என்று 1918-ல் நூலாகவும் எழுதினார். படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காக 306 வீரர்கள் தங்கள் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் சிலர் மனம் சிதைந்த நோயாளிகள்.

நீலகிரியை அறிந்த மருத்துவர்

இச்சூழலில்தான் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வருகிறார். தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. மருத்துவம் பயின்று கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இவர், நீலகிரிக்கு வந்து தோடர் மக்களிடையே ஆராய்ச்சி செய்தவர். தோடர்களைப் பற்றிய இவருடைய பெருநூல் 1906-ல் வெளியாயிற்று. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொரு குடும்பத்தின் வழிமுறையையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது இவருடைய ஆய்வுமுறை. பிறர் பேச, தாம் கேட்கும் அந்தப் பழக்கம் பின்னர் மருத்துவத்திலும் கைகொடுத்தது எனலாம்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற இடத்தில், 1916-ல், மனம் பாதிக்கப்பட்ட படை அதிகாரிகளுக்காக ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ரிவர்ஸ் அங்கே பணியாற்றினார். பகலில் நோயாளிகள் விளையாடுவார்கள், சிரித்துப் பேசுவார்கள். இரவில் அதே கட்டடத்தில் அலறல்கள் கேட்கும். இந்த வேறுபாடு ஏன்?

வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அதற்கு முன் தரப்பட்ட அறிவுரை, "போரை நினைக்காதே" என்பதே. அவர்களும் பகல் முழுவதும் பாடுபட்டு நினைவை அடக்கி வைத்தார்கள். உறங்கும்போது அந்தப் பிடி தளர்ந்தது. அடக்கிய நினைவு முழு வேகத்தோடு எழுந்தது. ரிவர்ஸ் கண்ட விளக்கம் இதுதான்.

ஓர் அதிகாரி தம் நண்பரைத் தேடிச் சென்றபோது, குண்டு வெடித்துத் தலை வேறு, கைகால் வேறாகச் சிதறிக் கிடந்த உடலைக் கண்டார். அன்று முதல் அந்தச் சிதைந்த உருவம் கனவில் அவரை நோக்கி நெருங்கி வரும். அஞ்சி விழித்துக்கொள்வார். ரிவர்ஸ் அவரிடம் அந்நிகழ்ச்சியையே எடுத்துப் பேசினார். உடல் அவ்வாறு சிதறியிருக்கிறதென்றால், உங்கள் நண்பர் நொடிப் பொழுதில் இறந்திருப்பார், காயத்தோடு கிடந்து துடித்திருக்கமாட்டார் என்று எடுத்துக்காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே இல்லை. பிறகு வந்த கனவிலும் நண்பரின் உடல் இருந்தது, ஆனால் பழைய அச்சம் இல்லை. கனவில் அவர் உடலருகே மண்டியிட்டு, உறவினரிடம் சேர்ப்பதற்காக நண்பரின் பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தார்!

இங்கே நடந்தது என்ன? நிகழ்ச்சி மாறவில்லை. நினைவும் அழியவில்லை. அதற்கு அவர் கொண்ட பொருள் மாறியது. ரிவர்ஸ் இம்முறையை 1917 டிசம்பரில் மருத்துவர்கள் கூட்டத்தில் விளக்கினார். 1918 பிப்ரவரியில் அது லான்செட் இதழில் வெளிவந்தது.

தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. சில நினைவுகளில் ஆறுதல் தரும் அம்சம் ஒன்றுகூட இல்லை என்றும், அங்கே தம் முறை பயன்படவில்லை என்றும் எழுதினார். எந்நேரமும் அதையே எண்ணிக்கொண்டிருப்பதும் கேடு என்றார்.

ஆனால் இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. இந்தக் கனிவான மருத்துவம் அதிகாரிகளுக்குக் கிடைத்தது. சாதாரண வீரர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. குணமானவர்களைப் போருக்குத் திருப்பி அனுப்புவதும் மருத்துவரின் கடமையாக இருந்தது. அம்மருத்துவமனையில் குணமடைந்த கவிஞர் வில்பிரட் ஓவன் போர்முனைக்குத் திரும்பி, போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4-ல் மாண்டார்.

உறக்கத்தின் கட்டங்கள்

ரிவர்ஸ் 1922-ல் காலமானார். உறக்கத்தின் உள்ளே நடப்பதை அவரால் காண முடியவில்லை. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் சில நேரங்களில் இமைக்குள் வேகமாக அசைவதைக் கண்டறிந்தனர். தெளிவான கனவுகள் மிகுதியாகத் தோன்றுவது இக்கட்டத்தில்தான். விடியலை நெருங்க நெருங்க இக்கட்டம் நீளுகிறது. வழக்கமான கெட்ட கனவுகள் இரவின் பிற்பகுதியில் மிகுதியாக வருவதற்கு இதுவே காரணம். அதிர்ச்சியால் வரும் கொடுங்கனவோ இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. மற்றக் கட்டங்களிலும் அது வரக்கூடும்.

உறக்கத்தில் வரும் பீதி வேறு வகை. கனவு எதுவும் இன்றியே ஒருவர் திடுக்கிட்டு எழுவார். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இறந்துவிடுவோமோ என்று தோன்றும். இது பெரும்பாலும் இலேசான உறக்கத்திலிருந்து ஆழ்ந்த உறக்கத்திற்குள் நுழையும்போது நேருகிறது. இதய நோயிலும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயிலும் இத்தகைய குறிகள் தோன்றலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுவதே முதல் வேலை.

கனவை மாற்றி எழுதுதல்

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பம் அமெரிக்காவில் இச்சிக்கலை மீண்டும் எழுப்பியது. 1980-ல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. போர் வீரருக்கு மட்டுமன்றி, கொடுமைக்கு ஆளான எவருக்கும் இது வரலாம் என்பது ஏற்கப்பட்டது.

2001-ல் பாரி கிராக்கோவ் என்ற மருத்துவரும் குழுவினரும், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவால் துன்புற்ற 168 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். முறை எளியது. விழித்திருக்கும்போது ஒரு கெட்ட கனவை எடுத்துக்கொள்ள வேண்டும். மிகக் கொடியதை அல்ல, சற்று இலேசானதை. அதை விரும்பியவாறு மாற்றி அமைக்க வேண்டும். மாற்றிய கனவை நாள்தோறும் சில நிமிடங்கள் மனத்திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இவ்வாறு பயின்றவர்களுக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன, உறக்கமும் மேம்பட்டது. அன்று அந்த அதிகாரியின் கனவு தானாகவே மாறியது. இங்கே அந்த மாற்றத்தைப் பயிற்சியாகவே செய்கிறார்கள்.

மருந்தின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. இரத்த அழுத்தத்திற்குத் தரும் பிராசோசின் கொடுங்கனவைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் கூறின. ஆனால் முன்னாள் படைவீரர் 304 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. ஆகவே யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கொடுங்கனவால் விழித்தீர்களா? விளக்கைப் போடுங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இது எந்த இடம், இன்று என்ன நாள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடுங்கள். பீதி உச்சத்தை எட்டினாலும் சிறிது நேரத்தில் தணியும். உறங்குவதற்காக மதுவை நாடாதீர்கள். அது பின்னிரவு உறக்கத்தைக் குலைக்கும். அருகில் உறங்குபவர் அலறினால் பிடித்து உலுக்காமல், சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் உளமருத்துவரை அணுகுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பேசும்படி யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம். அவர் பேச விரும்பும் நாளில், "மறந்துவிடு" என்று வாயை அடைக்காமல் காது கொடுத்தால் போதும்.

சுட்டுக் கொல்லப்பட்ட அந்த 306 வீரர்களுக்கு 2006-ல் பிரிட்டன் சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. போர் முடிந்து 88 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவரது நோயைக் கோழைத்தனம் என்று தீர்ப்பளிப்பதற்கு ஒரு நாள் போதும். அத்தீர்ப்பைத் திருத்தவோ ஒரு தலைமுறைகூடப் போதவில்லை.