கண்ணாடிக் குடில் யாருக்குச் சொந்தம்?



சென்ற மாதம் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வாடகை வீட்டில் குடியிருக்கிறார். கொல்லையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு பசுமைக்குடில் போட்டு ஆந்தூரியம் வளர்க்க ஆசை. "சார், அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டணும்?" என்றார். "வீட்டுக்காரரைக் கேட்டீங்களா?" என்றேன் நான். அவர் முகம் சுருங்கிவிட்டது. அஸ்திவாரத்துக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பெரிய சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

அது குளிர் தேசம். அன்னாசி திறந்த வெளியில் வரவே வராது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் கண்ணாடி வீடு கட்டி, அதற்குள்ளே செங்கல் குழி எடுத்து, தோல் பதனிட்டுக் கழித்த ஓக் மரப்பட்டையை நிரப்பினார்கள். (நமக்கு ஆவாரம்பட்டை மாதிரி அவர்களுக்கு ஓக் பட்டை.) பட்டை மெள்ளப் புளித்து மாதக்கணக்கில் சூடு கொடுக்கும். அந்தச் சூட்டில் அன்னாசித் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அடியில் முழங்கால் உயரச் செங்கல் சுவரும், அதற்குக் கீழே அஸ்திவாரமும் இருக்கும். பாரம் தாங்க மட்டும் அல்ல. கண்ணாடிச் சட்டம் மரம். மண்ணைத் தொட்டால் ஈரம் ஏறி உளுத்துப் போகும். அதோடு, உறைபனியில் மண் உப்பும், பனி இளகினால் அமரும். அஸ்திவாரம் மேலாகவே நின்றுவிட்டால் சட்டம் கோணிக்கொள்ளும், கண்ணாடி விரியும்.

பிரபுவுக்குக் கவலை இல்லை, நிலம் அவருடையது. குத்தகைக்காரன் பாடுதான் திண்டாட்டம். 'மண்ணில் ஊன்றியது மண்ணுக்குடையவனுக்கே சொந்தம்' என்பது அந்நாட்டுப் பழைய சட்டம். சோப்புக் காய்ச்சுகிறவன் வியாபாரத்துக்காக நட்ட கொப்பரையைப் போகும்போது பெயர்த்து எடுத்துப் போகலாம் என்று ஒரு விலக்கு மட்டும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்வெஸ் - மா வழக்கு வந்தது. மா என்பவர் குத்தகை விவசாயி. சொந்தச் செலவில் மாட்டுக் கொட்டில், தச்சுப் பட்டறை, வண்டிக் கொட்டகை எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார். அஸ்திவாரம் சுமார் ஒன்றரை அடி ஆழம். குத்தகை முடிவதற்குள் அவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு, நிலத்தைப் பழையபடியே விட்டுப் போனார். எடுத்தது தப்பு என்று எல்லன்பரோ பிரபு தீர்ப்புச் சொன்னார். வியாபாரிக்குக் கொடுத்த விலக்கு விவசாயிக்குக் கிடையாதாம்! சோப்புக் கொப்பரைக்கு உள்ள மரியாதை மாட்டுக் கொட்டிலுக்கு இல்லை. படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

1820-ல் கண்ணாடி வீட்டுக்கே வழக்கு வந்தது. பக்லண்ட் - பட்டர்ஃபீல்டு வழக்கு என்பார்கள். செங்கல் அஸ்திவாரத்தின் மேல் கட்டி, குடியிருந்த வீட்டோடு இணைத்த கண்ணாடி வீடு அது. வீட்டோடு சேர்ந்ததுதான், குடியிருந்தவர் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

1845-ல் கண்ணாடிக்கு இருந்த வரியை எடுத்தார்கள். கண்ணாடி விலை இறங்கியது. குமாஸ்தாவும் கடைக்காரரும்கூடக் கொல்லையில் ஒரு குடில் வைக்க நினைத்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் இருந்தது வாடகை வீட்டில். அஸ்திவாரம் போட்டால் குடில் வீட்டுக்காரருக்கு, போடாவிட்டால் காற்றுக்கு! இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன். 1851-ல் லண்டனில் பளிங்கு மாளிகையை வடிவமைத்தாரே, அந்தத் தோட்டக்காரர்தான். 1858-ல் அவர் சாதாரண ஜனங்களுக்கென்று கழற்றி மாட்டுகிற கண்ணாடிக் குடிலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு 'குடியிருப்பவருக்கே உரியது' என்று விளம்பரம் செய்தே குடில்கள் விற்றார்கள். கலவை பூசாமல் அடுக்கிய செங்கல் வரிசைமேல் மரச்சட்டம் உட்காரும். பக்கங்கள் போல்ட்டில் நிற்கும். வீடு மாறும்போது கழற்றி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

சட்டமும் மெள்ள இறங்கி வந்தது. 1851-ல் ஒரு சட்டம், நிலச்சொந்தக்காரர் எழுத்தில் சம்மதித்துக் கட்டிய பண்ணைக் கட்டடத்தைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1895-ல் காய்கறித் தோட்டக்காரர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் அந்தப் பழைய விதியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், 108-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ வேறு விதமாக இல்லாதபோது, குடியிருப்பவர் தாம் மண்ணில் ஊன்றியதைத் தம் வசத்தில் இடம் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம். இடத்தை முன்பு இருந்தபடி விட்டுப் போக வேண்டும். ஆனால் இது பொதுவாக விவசாயக் குத்தகைக்குப் பொருந்தாது; வீட்டு வாடகைக்குப் பொருந்தும். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஒரு வரி இருந்தால் அந்த வரிதான் செல்லும்.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கடப்பாரை விஷயத்துக்கு வந்தேன். இன்றைய பாலிதீன் குடிலுக்குப் பாரமே கிடையாது. காற்று உள்ளே புகுந்தால் குடை மாதிரி மேலே தூக்கும். ஆகையால் அஸ்திவாரம் தாங்குவதற்கு அல்ல, பிடித்து வைப்பதற்கு. வெறும் செங்கல்மேல் வைத்தால் ஆடிமாதக் காற்றுக்கே நிற்காது. கால் ஊன்றும் இடத்தில் இரண்டு, இரண்டரை அடிக் குழி எடுத்து, ஒரு ஜி.ஐ. குழாய்த் துண்டை நட்டுக் கான்கிரீட் போடுங்கள். மேல் குழாயை அதில் செருகி போல்ட் போட வேண்டும். காலி செய்யும்போது போல்ட்டைக் கழற்றினால் குடில் உங்களோடு வரும். கான்கிரீட் கட்டிகளையும் தோண்டி எடுத்துக் குழியை மூடிவிடுங்கள்.

ஆசிரியர் மறுவாரம் வந்தார். வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிய தாள் சட்டைப் பையில் இருந்தது. "நாலு குழி போதுமா, ஆறு வேணுமா சார்?" என்றார். பன்னிரண்டடி நீளத்துக்கு ஆறு என்று சொல்லி அனுப்பினேன்.